காவியாவின் அட்டை

“காஞ்சிபுரம் பஸ்ஸு இன்னிக்கும் லேட்டா மிஸ்?”

பிரபா டீச்சர் இன்னும் கைப்பையைக்கூட மேசையில் வைக்கவில்லை. அட்டெண்டன்ஸ் எடுக்கவில்லை. அதற்குள் காவியா ஆரம்பித்துவிட்டாள். அதுவும் தமிழில்.

ஏழாம் வகுப்பு ‘ஏ’ செக்‌ஷன் இங்கிலீஷ் மீடியம். காலையில் கேட்டுக்குள் நுழைந்தால் சாயங்காலம் வெளியே போகும்வரை தமிழ் பேசக் கூடாது. லீடர் ஜான்சன் முதல் பெஞ்சிலிருந்து கண்காணிப்பான். பேசி மாட்டிக்கொண்டால், ‘நான் தமிழில் பேசினேன்’ என்று இங்கிலீஷில் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அன்று முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். டீச்சரே போட்ட சட்டம். உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளியிலும் இவ்வளவு கண்டிப்பு கிடையாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“கம் ஹியர்” என்றார்.

காவியா வந்தாள். கல்யாணப் பெண் மாலைக்குக் குனிவதுபோல் தானே குனிந்து அட்டையை வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனாள். முகத்தில் துளி வெட்கம் இல்லை.

நேற்றும் அவள்தான். போன வாரம் முழுக்க அவள்தான்.

டீச்சர் பாடத்தை ஆரம்பித்தார். எவாப்பரேஷன், கண்டன்சேஷன். புத்தகத்தில் இருந்ததை நிறுத்தி நிதானமாக இரண்டு முறை வாசித்தார்.

“அண்டர்ஸ்டுட்?”

“யெஸ் மிஸ்” என்று வகுப்பு கூரை அதிரச் சொன்னது.

சும்மா சொல்லவில்லை. பரீட்சையிலும் சரியாக எழுதிவிடுகிறார்கள். காலாண்டில் அறிவியலில் ‘ஏ’ செக்‌ஷனில் ஒருவர்கூட பெயில் இல்லை. “பிரபா டீச்சர் இங்கிலீஷ்ல நடத்தினா கல்லுக்கும் புரியும்” என்று ஹெச்.எம். கிருஷ்ணசாமி மீட்டிங்கில் எல்லோர் முன்பும் சொன்னார். டீச்சர் அன்று வீட்டில் பாயசம் வைத்தார்.

இந்தப் பெண் ஒருத்திதான் உறுத்தல். ஊருக்கு ஓரத்தில் இருக்கும் இருளர் குடியிருப்பிலிருந்து வருகிறாள். படிப்பு வராத பெண் என்றாலாவது போகட்டும் என்று விடலாம். அறிவியலில் முதல் மார்க்கே அவள்தான். திமிர், வேறென்ன.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தால் மொத்த வகுப்பும் கடைசி பெஞ்சை மொய்த்துக்கொள்ளும். டீச்சர் ஸ்டாஃப் ரூம் ஜன்னல் வழியாகப் பார்ப்பார். அட்டையைப் பார்த்துக் கேலி செய்கிறார்கள் போலிருக்கிறது, பட்டால்தான் திருந்துவாள் என்று விட்டுவிடுவார்.

அன்று ஹெச்.எம். கூப்பிட்டு அனுப்பினார்.

“திங்கக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் வருது டீச்சர். வர்றவங்க முன்னாடி ஒரு பொண்ணு கழுத்துல அட்டையோட நின்னா நல்லாவா இருக்கும்? அவளை ‘பி’ செக்‌ஷனுக்கு மாத்திடுங்க. தமிழ் மீடியத்துல எவ்வளவு வேணா பேசிக்கட்டும்.”

தகவல் போனதும் காவியாவின் அம்மா வள்ளியம்மா நடவிலிருந்து நேரே வந்தார். காலில் சேறு காயவில்லை. வகுப்பு வாசலிலேயே நின்றுகொண்டார்.

“இன்னா பண்ணா மிஸ்?”

“தமிழ்லயே பேசறாம்மா. எவ்வளவு சொன்னாலும் இங்கிலீஷ் வாயில வரல. நாளையிலேருந்து தமிழ் மீடியத்துல உட்காரட்டும்.”

வள்ளியம்மா மகளைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார்.

“இங்கிலீசு வரலியா? வூட்ல எந்நேரமும் இங்கிலீசுலதான் மிஸ் படிச்சிக்கினு கீறா. ஆட்டக்கூட இங்கிலீசுலதான் அதட்றா. ஆடு பேஜாராயி என் மூஞ்சியப் பாக்குது.”

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். டீச்சருக்குக் கோபம் இன்னும் ஏறியது. வீட்டில் இங்கிலீஷ், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்றால் வேண்டுமென்றே செய்கிறாள் என்றுதானே அர்த்தம்.

“எங்க பக்கத்துலருந்து இங்கிலீசு கிளாசுக்கு வந்தது இவ ஒருத்திதான் மிஸ். எறக்கி வுட்டுடாதீங்க. நான் சொல்லி வெக்கிறேன்.” வள்ளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையிலிருந்த சேறு கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

டீச்சருக்கும் ஒரு பெண் இருக்கிறாள். மனசு இளகிவிட்டது. காவியாவை முன்னால் கூப்பிட்டார்.

“உங்க அம்மா முகத்துக்காக விடறேன். ஹெச்.எம். கிட்ட நான் பேசிக்கறேன். இனிமே இந்த கிளாஸ்ல அட்டையே கிடையாது. ஆனா ஒரு தமிழ் வார்த்தை காதுல விழுந்துச்சு, நேரா ‘பி’ செக்‌ஷன்தான். யாரா இருந்தாலும் சரி.”

அட்டையைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். தன் பெருந்தன்மை அவருக்கே பிடித்திருந்தது. வள்ளியம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

காவியாவின் முகம்தான் வாடிப் போனது. முதல் பெஞ்சில் ஜான்சன் மெதுவாக எழுந்து நின்றான். இந்த வருஷம் ஒரு நாள்கூட அட்டை மாட்டாத பையன்.

“மிஸ், அட்டைய அவகிட்டயே குடுத்துடுங்க மிஸ்.”

“இன் இங்கிலீஷ், ஜான்சன்.”

ஜான்சன் வாயைத் திறந்தான். மூடினான். அலமாரியைப் பார்த்தான். பிறகு, ‘பி’ செக்‌ஷன் போனாலும் போகட்டும் என்று தமிழிலேயே சொன்னான்.

“அட்ட மாட்டினவங்கள சாயங்காலம் வரிக்கும் தமிழ்ல பேசனாலும் ஒன்னும் பண்ண மாட்டீங்கல்ல மிஸ். அதுக்குத்தான் அவ காலையிலயே கேட்டு வாங்கிக்கிறா. அட்ட இல்லன்னா, நீங்க நடத்துன பாடத்த மத்தியானம் எங்களுக்கு யாரு மிஸ் நடத்துவாங்க?”