பொந்தை அடைத்த கரடி

அணில் கொய்யாப்பழம் விற்றுச் சேர்த்த முந்நூறு பாதாம் கொட்டைகளும் கரடி காவல் காக்கும் பொந்தில் இருந்தன. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், கரடி பொந்தின் வாயை மண் வைத்து அடைத்திருந்தது.

“நரி முயலை ஏமாத்திக் கொட்டைகளைப் பறிச்சிருக்கு. அதுல ரெண்டைக் கொடுத்துத்தான் உன்கிட்ட பழம் வாங்கியிருக்கு” என்றது கரடி.

“எனக்கு எப்படிங்க தெரியும்? பழம் கேட்டுச்சு, கொடுத்தேன். அந்த ரெண்டை முயலுக்கே கொடுத்துடுங்க. மிச்சத்தை விடுங்க, நாளைக்குச் சரக்கு எடுக்கணும்.”

“விசாரணை முடியற வரைக்கும் ஒண்ணுகூட எடுக்க முடியாது.”

“நரியை விசாரிச்சீங்களா?”

“அது எங்க இருக்குன்னே தெரியல. நீதான் தினமும் ஒரே இடத்துல கடை போடுற.”

அணில் கோபத்தோடு கடைக்குத் திரும்பியது.

மதியம் கரடி அங்கே வந்து, இரண்டு கொட்டைகளை நீட்டி, “நல்ல பழமா ஒண்ணு கொடு” என்றது.

அணில் கூடையை மூடியது.

“இது யார் யார் கை மாறி வந்துச்சுன்னு விசாரிக்கணுங்க. அது முடியற வரைக்கும் பசியோட இருங்க.”