ஓசைக்குப் பின்னால் போன கோல்

பெரிய இசைக்குழுவை நடத்திப் புகழ் பெற்றவர் கிழவராகி, சாய்வு நாற்காலியோடு ஒடுங்கிவிட்டார். தினமும் டிவியில் தன் பழைய கச்சேரிப் படங்களைப் போட்டுப் பார்ப்பார். அப்போதெல்லாம், வாத்தியக்காரர்களுக்குத் தாளம் காட்டி நடத்திய அவருடைய சிறு கோலும் கையில் இருக்கும். திரையில் அது ஆடுவதைப் போலவே இங்கும் ஆட்டுவார்.

"பார்த்தாயா? நான் அசைந்தால்தான் அத்தனை வயலினும் பேசுகிறது," என்றது கோல்.

"கிழித்தாய்!" என்றது டிவி. "இசையை முன்பே பதிவு செய்துவிட்டார்கள். படப்பிடிப்பில் அதை ஒலிபெருக்கியில் ஓடவிட்டார்கள். வயலின்காரர்கள் சும்மா வில்லை ஆட்டினார்கள். நீ அந்தச் சத்தத்தின் பின்னாலேயே ஓடினாய்."

"பதிவு செய்த அன்று அவர்களை நடத்தியதும் நான்தானே?"

"ஆமாம். அன்று கேமரா வேண்டாம் என்று இவர்தான் சொல்லிவிட்டார். வியர்த்தால் முகம் நன்றாக இருக்காதாம்."



திடீரென்று கரண்ட் போனது. டிவி அணைந்தது. கிழவரின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

"ஐயா, நாமே தொடங்கலாமே?" என்றது கோல்.

கிழவர் கையை இறக்கவுமில்லை, அசைக்கவுமில்லை. கரண்ட் வரட்டும் என்று கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.