லியூபிங்காவுக்கு வாழ்த்துகள்

இன்று புனித நிக்கோலா நாள். லியூபிங்காவின் குடும்பத்துக்கு ஸ்லாவா, குலப் புனிதரின் திருநாள். செர்பியாவின் நிஷ் நகர நூலகத்தில், அவள் வேலை செய்யும் மேசைத் திரையில் வாழ்த்துகள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. இறந்துபோன கணவர் மிலுன் படகிலிருந்து எழுதிய இருநூறு மின்னஞ்சல்களில் இப்போது தொண்ணூற்றொன்று மிச்சம். "உங்க பேருதான்க்கா வில்லன்," என்கிறான் கணினி பார்க்கும் ராதோய்கோ. அவள் பெயரின் முதல் ஒலிக்கு, செர்பியர்களின் பழைய எழுத்தான சிரிலிக்கில் ஓர் எழுத்து போதும். சிரிலிக்கில் வரும் ஒவ்வொரு வாழ்த்தையும் அஞ்சல் மென்பொருள் லத்தீன் எழுத்துக்கு மாற்றும்போது அது இரண்டாகிவிடுகிறது. நினைவகத்தில் ஒன்றுக்குத்தான் இடம். மிஞ்சியது பக்கத்திலிருக்கும் மிலுனின் கடிதத்தின் மேல் ஏறி அதை அழிக்கிறது.

"நிறுத்தித் தொலையேன்டா."

"சர்வர் பெல்கிரேடுல இருக்குக்கா. அந்தக் கம்பெனிக்கும் இன்னைக்கு ஸ்லாவா. போன் அடிக்குது, எடுக்க ஆளில்லை."

பிரிண்டர் ஒரு கடிதத்தை இழுத்துத் துப்புவதற்குள் மூன்று போய்விடுகின்றன. ஜன்னல் வழியே வரும் பனி வெளிச்சத்தில் அவள் சூடான தாளை எடுத்துப் படிக்கிறாள். 'லியூபா, ஆத்துல பனிக்கட்டி. கரைக்கு வந்ததும் உனக்கு' என்று மிலுன் ஆரம்பிக்கிறார். 'மின்வாரிய ஊழியர் சங்கத்தின் இனிய வாழ்த்துகள்' என்று முடிக்கிறார். கதவைத் தள்ளிக்கொண்டு கணக்குப் பிரிவு ஸ்தமேனா முகம் மலர நுழைகிறாள்.

"அக்கா, லத்தீன்ல தட்டினா மரியாதையா இருக்காதுன்னு வாழ்த்தை சிரிலிக்லயே அனுப்பினேன். மாடியில இருக்கிற எல்லாரையும் அப்படியே அனுப்பச் சொல்லியிருக்கேன்."

ராதோய்கோ தலையைக் குனிந்துகொள்கிறான். லியூபிங்கா எழுந்து, ஸ்லாவாவுக்கு வாழ்த்த வருபவர்களுக்குத் தரும் இனிப்புக் கோதுமைக் கிண்ணத்தை ஸ்தமேனாவிடம் நீட்டுகிறாள்.

"நன்றிம்மா. ஒரு ஸ்பூன் எடுத்துக்கோ."