மாப்பிள்ளை கெரெம்பே

“இதுல மாப்பிள்ளை யாரு? தைரியம் இருந்தா முன்னால வரட்டும்” என்றாள் வைரிமு, ஜீப்பிலிருந்து இறங்கிய கையோடு.

முள்வேலிக்குள் ஆடிக்கொண்டிருந்த கல்யாணக் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. வைரிமு, மிஷன் நடத்தும் பெண்பிள்ளைகள் மீட்பு இல்லத்தின் தலைவி. மலைப்பக்கத்து ஊர்க்காரி. மாடு மேய்க்கிற மாசாய் மக்களின் நாட்டுக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் அவள் ஜீப் சத்தம் கேட்டாலே இந்தப் பக்கத்துத் தகப்பன்மார் நடுங்குகிறார்கள் என்று மேலிடத்துக்கு அவளே எழுதும் அறிக்கைகள் சொல்லின.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கெரெம்பே வந்தார். அறுபது வயது இருக்கும். முன்பற்களில் மூன்று இல்லை. புத்தம் புதிய சிவப்புப் போர்வை போர்த்தியிருந்தார்.

“நான்தான் தாயி.”

“பொண்ணுக்கு என்ன வயசு தெரியுமா? பன்னிரண்டு.”

“எனக்கும் மனசுல பதினெட்டுதான்.”

யாரோ சிரித்தார்கள். வைரிமு முறைத்ததும் சிரிப்பு இருமலாகிவிட்டது.

பெண் சிமலோய், கழுத்து நிறைய மணிமாலையோடு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குடிசை வாசலில் நின்றாள். ஆறாம் வகுப்பில் முதல் மாணவி. வறட்சியில் பாதி மாடுகள் செத்துப் போனதிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. இன்றைக்கு இந்த ஜீப் அவளை ஏற்றிக்கொண்டு போகாவிட்டால் இனி எப்போதும் போகப்போவதில்லை.

“பெத்தவர் எங்கே?”

“இங்கதான் இருக்கேன்.” சிரோன்கா தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். “என் பொண்ணு, என் இஷ்டம். நீ யாரு கேக்க?”

“நான் யாருன்னு போலீஸ் வந்தா சொல்லும். பிள்ளைய இப்பவே கூட்டிட்டுப் போறேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“பன்னிரண்டாவது முடிக்கிற வரைக்கும். எங்க ஹாஸ்டல்லதான் இருப்பா.”

“நடுவுல திருப்பி அனுப்ப மாட்டீங்களா?”

“நீங்க கால்ல விழுந்தாலும் அனுப்ப மாட்டேன்.”

“ஐயோ. சாப்பாடு?”

“மூணு வேளை.”

“புத்தகம், செருப்பு?”

“எல்லாம் மிஷன் குடுக்கும். உங்ககிட்ட ஒரு ஆட்டுக்குட்டிகூட வாங்க மாட்டோம்.”

சிரோன்கா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “கேட்டீங்களாய்யா, என் குடியைக் கெடுத்துட்டாளே” என்று ஊரைப் பார்த்து ஒப்பாரி வைத்தார்.

மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? “என் பொண்டாட்டி போச்சே, என் வாழ்க்கை போச்சே” என்று மார்பில் அடித்துக்கொண்டு மண்ணில் புரண்டார். போர்வை புதுசு என்பதால், அதைக் கழற்றி மடித்து ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே கட்டியிருந்த பழைய துணியோடுதான் புரண்டார்.

வைரிமு அவரை உற்றுப் பார்த்தாள். “உங்களை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே.”

கெரெம்பே புரள்வதை நிறுத்தினார். “உங்க ஊர்க்காரங்க கண்ணுக்கு மாசாய்க் கிழவனுங்க எல்லாரும் ஒரே மாதிரிதானே தெரிவோம்.”

அவளுக்குச் சுருக்கென்றது. உலகத்தில் வேறு எந்தப் பழியையும் தாங்குவாள், இதை மட்டும் தாங்க மாட்டாள்.

“மன்னிச்சுக்குங்க பெரியவரே, நான் அப்படிச் சொல்ல வரல” என்று குரலை இறக்கினாள். பிறகு சுதாரித்துக்கொண்டு, இனி சிறுபெண்களைக் கல்யாணம் செய்ய மாட்டேன் என்று எழுதிய தாளை நீட்டினாள். எந்த விரல் என்று அவள் சொல்லும் முன்பே கெரெம்பே இடது கட்டைவிரலை மையில் தோய்த்துவிட்டார்.

சிமலோயை ஜீப்புக்குக் கூட்டிப் போனார்கள். அம்மா தேம்பினாள். சிரோன்கா ஒரு குடுக்கையிலிருந்து பாலை வாய் நிறைய எடுத்து, ஓடி வந்து, மகளின் தலைமேல் துப்பினார்.

“பெத்த பிள்ளை மேல துப்புறியே, நீயெல்லாம் ஒரு தகப்பனா?” வைரிமு கத்தியே விட்டாள். பிள்ளையின் தலையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

போகும் முன் அறிக்கைக்காக ஒரு படம் எடுத்தாள். “போன் பண்ணித் துப்புக் குடுத்த நல்ல மனுஷன் இந்தக் கூட்டத்துலதான் இருக்கணும். கர்த்தர் அவரை ஆசீர்வதிப்பார்” என்றாள்.

கூட்டம் மொத்தமும் ஆமென் சொன்னது.

ஜீப் மேடேறி மறையும்வரை சிரோன்கா அழுதுகொண்டே நின்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கெரெம்பேயைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

“மூணு தடவை போன் பண்ணேன், இப்பதான் வர்றா. பெத்தவன் துப்பினா ஆசீர்வாதம்னுகூடத் தெரியாம திட்டிட்டுப் போறா.”

“திட்டினா திட்டட்டும் விடு. போன மாசம் மிஷன் ஆபீசுக்குப் போய்க் கும்பிட்டுக் கேட்டியே, இடம் குடுத்தாங்களா? கல்யாணத்துலேருந்து மீட்ட பிள்ளைக்குத்தான் இலவசம்னுட்டாங்க இல்ல?” கெரெம்பே முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டார். “நாம ஒரே வருஷம் சுன்னத்துக் கத்திக்கு உட்கார்ந்தவங்க, உன் மகள் எனக்கும் மகள், அவளை நான் தொட்டா ஊரே என்னை உரிச்சுடும்னு அந்தம்மாவுக்கு மட்டும் யாரும் சொல்லிடாதீங்கடா.”

மடித்து வைத்த போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, தன் வயதுக் கூட்டாளிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். “சரி, அடுத்து யார் மகளுக்குப் படிக்கணும்னு ஆசை? வியாழக்கிழமை நான் கட்டிக்கிறேன்.”