ஆஸ்பத்திரி வேண்டாம்

குளியலறையில் வழுக்கி விழுந்த நோஹெமிக்கு ரத்தம் நிற்கவே இல்லை. ஐந்து மாதக் கர்ப்பம். கணவன் வில்பர் பதறிப்போய் அவளைத் தூக்க வந்தான்.

"ஆஸ்பத்திரி வேண்டாம் வில்பர்! நானே கலைச்சுட்டேன்னு ஜெயில்ல போட்டுடுவாங்க."

"பைத்தியமா உனக்கு? விழுந்துட்டேன்னு சொல்லு."

"போன வாரம் ஒரு பொண்ணு அதையேதான் சொல்லிக் கதறினா. ரத்தம் நிக்கறதுக்குள்ள கட்டிலோட சேத்து விலங்கு மாட்டிட்டாங்க. இந்த எல் சால்வடோர்ல அதுக்கு முப்பது வருஷம்கூடக் குடுப்பாங்க."

"அடப்பாவமே! அவளை நம்பாம போலீசைக் கூப்பிட்டது எந்தப் பாவி?"

நோஹெமி அவன் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டு விம்மினாள்.

"அன்னிக்கு டூட்டி நர்ஸ் நான்தானே, வில்பர்."