மூச்சு நின்றால் செல்லாது

அப்பாவின் வலது கட்டைவிரலை ஈரத் துணியால் துடைத்து, அவருடைய போன் மேல் வைத்து அழுத்தினாள் ராபின்.

அப்பா நெவில் கண் திறக்கவில்லை. முந்தின நாளிலிருந்தே நினைவு இல்லை. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

"ஏய்! என்னடி பண்றே?"

ஆஸ்பத்திரி அறை வாசலில் கிளெனிஸ் அத்தை. நெவிலின் தங்கை. கையிலிருந்த பூங்கொத்தை நாற்காலியில் வீசிவிட்டு வந்தாள்.

"அப்பாவோட விமான பாயிண்ட் அத்தை..."

"அடிப்பாவி! உசிரு இன்னும் போகலை. அதுக்குள்ளேயா?"

"உசிரு போயிட்டா அதுவும் போயிடும். ஆள் செத்துட்டா விமானக் கம்பெனியில கணக்கை மூடிடுவாங்க. பிள்ளைங்களுக்கு வராது."

"அதுக்காக?"

ராபின் வேகவேகமாகப் போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த பாயிண்ட்டைப் பற்றிக் குடும்பத்தில் தெரியாத ஆள் கிடையாது. பறக்கப் பறக்க விமானக் கம்பெனி கணக்கில் ஏற்றுவது; சேர்த்துக் கொடுத்தால் காசில்லாமல் டிக்கெட். நெவில் சுரங்கங்களுக்குப் பம்பு விற்றவர். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் அவர் பறக்காத ஊர் இல்லை. பறந்து சேர்த்தது போதாதென்று பெட்ரோல், மளிகை, பல் டாக்டர் என்று எல்லாவற்றுக்கும் பாயிண்ட் சேரும் கார்டைத்தான் நீட்டுவார். ஓட்டலில் தங்கிச் சேர்த்த பாயிண்ட்டையும் விமானக் கணக்குக்கு மாற்றிவிடுவார். ஆனால் அதைத் தொட மட்டும் யாரையும் விட்டதில்லை.

"பாயிண்ட்டைக் கொடுத்து கெட்டில் வாங்கறவன் மடையன். முழு மதிப்பு கிடைக்கிற வரைக்கும் தொடக்கூடாது" என்பார்.

பிஜித் தீவுக்குப் போகணும் என்று அவர் மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப் போனாள். "இரு, நல்ல சீட் வரட்டும்" என்றே காலத்தை ஓட்டினார். சீட் வருவதற்குள் புற்றுநோய் வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது. என்ன மனுஷனோ!

அத்தை போனைப் பிடுங்கிப் பார்த்தாள். கணக்கில் பூஜ்யம்.

"அத்தனையுமா? துடைச்சு எடுத்துட்டியே! பிணந்தின்னிக் கழுகு கூட உசிரு போற வரைக்கும் காத்திருக்கும்டி!"

டிரிப்ஸைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் மெலே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் காலையில் டப்ளினிலிருந்து டேமியன் வந்து இறங்கினான். ராபினின் தம்பி, நெவிலுக்கு ஒரே மகன். அம்மாவின் சாவுக்குக் கூட வராமல் அங்கே குடித்துவிட்டுக் கிடந்தவன். அதற்குப் பிறகு அவன் பேச்சை எடுத்தாலே நெவில் எழுந்து போய்விடுவார்.

குடியை இன்னும் விட்டபாடில்லை. ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறான். கிறிஸ்துமஸ் சமயத்தில் இங்கே பிரிஸ்பேனுக்கு டிக்கெட் யானை விலை குதிரை விலை. இவன் எப்படி வந்தான் என்று அத்தைக்கு ஒரே ஆச்சரியம்.

"அப்பா, வந்துட்டேன்ப்பா."

அவர் கையைப் பிடித்தவன் சாயங்காலம் வரை விடவில்லை. அந்தக் கை அவன் கைக்குள்ளேயே குளிர்ந்து போனது.

வெளியே வராந்தாவில் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"அப்பாவே என்னைக் கூப்பிட்டார் அத்தை. இதோ பாருங்க, அவர் போன்லேர்ந்தே மெசேஜ். 'வாடா மகனே, உனக்கு சீட் போட்டிருக்கேன்'னு. அதுவும் படுத்துட்டே வர்ற சீட்டு! அம்மாவுக்குக் கூடக் கொடுக்காததை எனக்குக் கொடுத்திருக்கார். போதும் எனக்கு. இனிமே ஒரு சொட்டு தொட மாட்டேன். அவர் மேல சத்தியம்."

அத்தையும் அழுதாள். அழுது முடித்ததும் அவளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"பெத்தவன் மனசு அது. உன் அக்கா என்ன பண்ணினா தெரியுமா?"

சொன்னாள். கட்டைவிரலை ராபின் எப்படிப் பிடித்தாள் என்று நடித்தே காட்டினாள்.

டேமியனுக்கு முகம் சிவந்தது. நேரே ராபினிடம் போனான்.

"எனக்கு அனுப்பினது போக மிச்சம் இருந்ததை நீ வழிச்சுட்டியா? நினைவில்லாத மனுஷன் விரலைப் பிடிச்சு? சீ! நீயெல்லாம் ஒரு பொண்ணா?"

ராபின் அவனையே பார்த்தாள்.

"டீ போட்டு எடுத்துட்டு வரேன்" என்று நகர்ந்தாள்.

"உன் கையால ஒண்ணும் வேண்டாம்! இனிமே என் மூஞ்சியில முழிக்காதே!"

சின்ன சமையலறைக்குள் மெலே பின்னாலேயே வந்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க இப்படித் திட்டு வாங்கிட்டு நிக்கிறீங்க? மொத்த பாயிண்ட்டையும் போட்டு அவருக்கு டிக்கெட் எடுத்தது நீங்க. அப்பா மாதிரி மெசேஜ் அனுப்பினதும் நீங்க. பக்கத்துல நின்னு பார்த்தவ நான். ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

ராபின் கெட்டிலை அணைத்தாள். கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். டேமியனுக்கும் சேர்த்துத்தான்.

"இனிமே குடிக்க மாட்டேங்கறானே மெலே, அது எதை நம்பி?"

"இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டாமா?"

"நினைவு தப்பறதுக்கு முன்னால, டேமியனைக் கூப்பிடவாப்பான்னு கேட்டேன். 'அந்த நாய்க்கு ஒரு பாயிண்ட் கூடக் கிடையாது'ன்னார். அப்பா கடைசியாப் பேசினது அதுதான். அதையா அவன்கிட்டே போய்ச் சொல்லச் சொல்றீங்க?"