அரை டன்

“பழசு சொல்றதுதான் சரி. உன்னோடதுலதான் எங்கேயோ ஓட்டை இருக்கு.” கணவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. கிரேன் எவ்வளவு பாரம் தூக்கலாம் என்று கணக்குப் போட்டு, டிரைவருக்குப் பச்சையோ சிவப்போ விளக்கெரிக்கும் அந்தப் பழைய புரோகிராமை எழுதியவனே அவன்தான். அதை வேறொரு கம்ப்யூட்டர் மொழிக்கு மாற்றும் வேலை இப்போது அவள் தலையில்.

இரண்டிலும் ஒரே பாரங்களைக் கொடுத்துப் பார்த்தாள். எல்லாம் ஒத்துப்போக, ஏழு டன் மட்டும் அடம்பிடித்தது. பழசில் பச்சை, புதுசில் சிவப்பு.

“அந்த ஒண்ண விட்டுட்டு மேல போயேன். அதோட போய் மல்லுக்கட்டிக்கிட்டு.”

“நீங்க எழுதினா குத்தமே வராதோ? பெரிய பிரம்மா!”

வழக்கமாகச் சிரிப்பவன் சிரிக்கவில்லை.

ஜன்னலுக்குக் கீழே, சரக்குக் களத்தில் கிரேன் முனகியது. அவள் அப்பா ஓட்டிய கிரேன். ஒருநாள் இரும்பு வடம் அறுந்து, பாரம் அவர் கூண்டின் மேலேயே சரிந்தது. ஒரு கால் போனது. சிவப்பை மதிக்காமல் தூக்கினார் என்று முடிவுகட்டி வேலையையும் பிடுங்கிக்கொண்டார்கள். “பச்சைதாம்மா எரிஞ்சது” என்று அவர் மன்றாடியதை யாரும் காதில் வாங்கவில்லை. அவளும்தான். களத்தில் இன்றைக்கும் அவருக்குப் பெயர் குருட்டு டிரைவர்.

அந்த நாட்களில் ஆஸ்பத்திரிப் படியேறி வந்தவன் இவன் ஒருவன்தான். முன்பின் பழக்கமில்லாதவன், பெற்ற பிள்ளைபோல் அவரைத் தூக்கிப் பிடித்தான். அப்புறம் வெறுங்கையோடு வரச்சொல்லி அவளைக் கட்டிக்கொண்டான். அதற்காகவே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள் அவள்.

பழைய புரோகிராமை வரிவரியாகப் பிரித்து மேய்ந்தவள் ஒரு வகுத்தலில் நின்றாள். ஏழு டன், இரண்டு வடம். வடத்துக்கு மூன்றரை. ஆனால் அந்தப் பழைய மொழி முழு எண்ணை வகுத்தால் மிச்சத்தை வெட்டி எறிந்துவிடும். வெறும் மூன்று. மூன்றைத் தாண்டினால்தான் சிவப்பு.

“அன்னைக்கு அப்பா எவ்வளவுங்க தூக்கினாரு?”

“ஏழு டன்.”

அவள் துள்ளி எழுந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“அப்பா பொய் சொல்லலைங்க! பச்சைதான் எரிஞ்சிருக்கு! பாவி நான், பெத்த அப்பனையே நம்பலையே... வாங்க, மேனேஜர்கிட்ட போவோம். நீங்க ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு? தெரியாம நடந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?”

அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.

“தெரிஞ்சதாலதான் உன்னைப் பொண்ணு கேட்டு வந்தேன்.”